நோய்க்காப்பு: உரிமையா, விலைச் சரக்கா?

(மும்பையில் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நமக்குக் கிடைக்கிறது. துணி துவைப்பதும் அன்றுதான், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதும் அன்றுதான், ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் நாலு வார்த்தை பேசுவதும் அன்றுதான். அந்த நாளில் இரண்டு மணி நேரத்தைச் சங்கத்துக்குக் கொடுத்து வந்திருக்கிறீர்கள். அந்த நேரத்தை வீணாக்காமல், அலங்காரப் பேச்சு எதுவும் இல்லாமல், நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறை. மின்சார மிஷின் ஓடுகிற பட்டறை. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். பாதிக்கு மேல் நம் ஆட்கள். அந்தப் பட்டறையின் சேட் சென்ற மாதம் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். "இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு யார் போகிறீர்கள்? வரிசையில் நின்று சாகவா? அதை விட்டுவிடுவோம். உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற பணத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அதற்கு மேலே தனியார் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரு மெடிக்கல் பாலிசி எடுத்துத் தருகிறேன். ஏ.சி. ஆஸ்பத்திரி, காசில்லாத வைத்தியம். இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்.

ஐந்து தோழர்கள் போட்டுவிடலாம் என்கிறார்கள். நான்கு பேர் கூடாது என்கிறார்கள். மீதிப் பேர் சங்கம் என்ன சொல்கிறது என்று கேட்கிறார்கள். வரும் வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இது பதினான்கு பேரின் பிரச்சினை மட்டும் அல்ல. இன்று ஒரு பட்டறையில் நீட்டப்பட்ட தாள் நாளை பத்துப் பட்டறைகளில் நீட்டப்படும். ஆகவேதான் இந்தக் கூட்டம்.

முதலில் நம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம்

தனியார் காப்பீட்டைப் பற்றி வாய் திறக்கும் முன் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு பாலிசி ஏஜெண்டுக்கு மேசை போட்டுக் கொடுத்தவர்கள் நாம்தான். விழாச் செலவுக்கு அவர் நன்கொடை தந்தார், நாமும் வாங்கிக்கொண்டோம். அன்று நம் உறுப்பினர்களில் சிலர் பாலிசி எடுத்தார்கள். அவர்களில் ஒரு தோழருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. படிவத்தில் அதை எழுத வேண்டுமா என்று ஏஜெண்டைக் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் எழுதினால் பிரிமியம் ஏறும் அண்ணாச்சி, விட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். இரண்டாம் வருடம் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, சர்க்கரையை மறைத்தீர்கள் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. வீட்டம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது. இன்னும் மீளவில்லை.

தவறு ஏஜெண்டுடையதுதான். ஆனால் மேசை நம்முடையது. அந்தத் தோழர் ஏஜெண்டை நம்பவில்லை, சங்கத்தை நம்பினார். அந்தக் கடனில் ஒரு பங்கையாவது தீர்க்கத்தான் இன்று பேசுகிறோம். இனி எந்தக் கம்பெனிக்கும் நம் விழாவில் மேசை கிடையாது என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது.

இ.எஸ்.ஐ. யார் போட்ட பிச்சையும் அல்ல

இ.எஸ்.ஐ. என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1943-இல் பேராசிரியர் பி.பி. அதார்க்கர் என்பவரிடம் ஆலைத் தொழிலாளருக்கு நோய்க்காப்புத் திட்டம் ஒன்றை வகுக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1944-இல் அவர் அறிக்கை தந்தார். 1946-இல் போர் கமிட்டி தன் அறிக்கையில், பணம் கொடுக்க முடியாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக்கூடாது என்ற கொள்கையை வைத்தது. 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. இப்போது அந்தப் பழைய சட்டம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும் திட்டத்தின் அடிப்படை மாறவில்லை.

அந்த அடிப்படை என்ன? சம்பளத்துக்கு ஏற்றபடி சந்தா. நோய்க்கு ஏற்றபடி வைத்தியம். 2019 ஜூலையில் வைத்த விகிதப்படி தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். ரூ. 18,000 சம்பளம் வாங்குகிறவரைக் கணக்கில் எடுப்போம். அவர் பங்கு மாதம் ரூ. 135. முதலாளியின் பங்கு ரூ. 585. அவருக்கு வயது இருபதா ஐம்பத்தைந்தா என்று யாரும் கேட்பதில்லை. மனைவிக்கு ஆஸ்துமா உண்டா, எத்தனை பிள்ளைகள், ஊரில் இருக்கிற வயதான தாய் தகப்பன் இவர் சம்பாத்தியத்தில்தான் பிழைக்கிறார்களா, எதுவானாலும் சந்தா அதேதான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. பழைய நோய், புது நோய் என்ற பாகுபாடு கிடையாது. குடும்பம் ஊரில் இருந்தால் அங்கே இருக்கிற இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். மும்பையில் சந்தா கட்டி, திருநெல்வேலியில் மனைவிக்கு வைத்தியம் பார்க்கலாம். இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு ஏது?

இப்போது சேட்டின் தாளுக்கு வருவோம். பதினான்கு பேருக்கும் ரூ. 18,000 என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு அவர் கட்ட வேண்டிய பங்கு ரூ. 98,280. அவர் எடுத்துத் தருவதாகச் சொல்கிற குழு பாலிசிக்குத் தலைக்கு மூவாயிரத்துக்குள் ஆகும் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். பதினான்கு பேருக்கு ரூ. 42,000. மீதி ஐம்பத்தாறாயிரம் யார் பெட்டிக்குப் போகிறது? உங்களுக்குக் கையில் கிடைப்பது மாதம் ரூ. 135. ஒரு நாளைக்கு நாலரை ரூபாய். ஒரு டீக்குக்கூடக் காணாத காசுக்கு எழுபது ஆண்டுப் போராட்டத்தின் பலனை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் இது சேட்டும் தொழிலாளியும் பேசி விட்டுவிடக்கூடிய சங்கதியே அல்ல. கையெழுத்துப் போட்டாலும் அந்தத் தாள் சட்டத்தின் முன் செல்லாது. ஆனால் அதைக் காட்டி உங்கள் வாயை அடைக்கலாம், அதற்குத்தான் தாள். இந்த யோசனை சேட்டின் மூளையில் முளைத்ததும் அல்ல. 2015-16 மத்திய வரவு செலவுத் திட்ட உரையிலேயே, தொழிலாளி இ.எஸ்.ஐ.யையோ ஒரு காப்பீட்டு பாலிசியையோ தேர்ந்துகொள்ள வழி செய்யலாம் என்று சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அன்று தடுத்ததை இன்று பட்டறை பட்டறையாகக் கொல்லைப்புற வழியே கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

பாலிசி ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும், அடுப்புக்குக் கொடுக்காது

தோழர்களே, நோய் வந்தால் நமக்கு இரண்டு அடி விழுகிறது. ஒன்று வைத்தியச் செலவு. மற்றது போகிற கூலி. பாலிசி முதல் அடிக்கு மருந்து போடும். இரண்டாவது அடியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இ.எஸ்.ஐ. இரண்டையும் பார்க்கிறது. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்காக வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உண்டு. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு, தகுதியுள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை 80 சதவீதம். பிரசவத்துக்கு 26 வாரம் முழுக்கூலி. மிஷினில் கை மாட்டினால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளானாலும், குணமாகும் வரை 90 சதவீதம். வேலையில் விபத்து நேர்ந்து உயிரே போனால் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் மாதா மாதம் உதவிப்பணம். இதையெல்லாம் கொடுக்கிற எந்த ரூ. 3,000 பாலிசியையாவது சேட் காட்டட்டும். நாமே அவருக்கு மாலை போடுகிறோம்.

நெடுங்காலக் கணக்கு

"சரி, கையில் காசு இருக்கிறது, சொந்தமாகத் தனியார் பாலிசி எடுத்தால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கட்டும், நியாயமான கேள்விதான். ஆனால் பாலிசி என்பது கல்யாணச் சேலை வாங்குவதுபோல ஒரு நாள் வியாபாரம் அல்ல. முப்பத்தைந்து வயதில் எடுத்தால் எழுபத்தைந்து வரை இழுக்க வேண்டிய வண்டி. ஆகவே இந்த வருடத்துப் பிரிமியத்தைப் பார்க்காதீர்கள். இருபதாம் வருடத்துப் பிரிமியத்தைப் பாருங்கள்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு குடும்பப் பாலிசிக்கு இன்று ரூ. 12,000. வயது ஏறுவதாலும் ஆஸ்பத்திரி விலை ஏறுவதாலும் வருடம் பத்து சதவீதம் கூடுகிறது என்போம். ஏழாம் வருட முடிவில் அது ரூ. 23,000-ஐத் தாண்டும். பதினான்காம் வருட முடிவில் ரூ. 45,000-ஐத் தாண்டும். இருபது வருடம் கழித்து ரூ. 80,000. அப்போது உங்களுக்கு வயது ஐம்பத்தைந்து. கண் மங்கி, ஊசி கோக்க முடியாமல் கூலி குறைந்திருக்கும் நேரம். கட்ட முடியாமல் விட்டால் இருபது வருடம் கட்டிய பணத்துக்கு ஒரு காசு திரும்பாது. ஆக, இளமையில் நோய் இல்லாதபோது கம்பெனிக்குக் கட்டுகிறோம். முதுமையில் நோய் வரும்போது கட்ட வழியில்லாமல் விடுகிறோம். இதுதான் பல குடும்பங்களின் கதை.

மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. முன்பு நீங்கள் ஆஸ்பத்திரிச் செலவு கேட்டதைக் காரணம் காட்டி அடுத்த வருடம் பாலிசியைப் புதுப்பிக்க மறுக்க முடியாது. 2024-இல் விதிகள் சில மாறின. பழைய நோய்க்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் நான்கு ஆண்டு என்றிருந்தது மூன்று ஆண்டாகக் குறைந்தது. எட்டு ஆண்டு கட்டிய பின் மறைத்ததைச் சொல்லி மறுக்க முடியாது என்றிருந்தது, ஐந்து ஆண்டாகக் குறைந்தது. மோசடி நிரூபணமானால் மட்டும் விலக்கு. 2025 சனவரியில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரிமியத்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று உத்தரவு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது. இவை நல்லவையே. ஆனால் பத்து சதவீதம் என்பதும் இருபது வருடத்தில் என்ன ஆகிறது என்பதை இப்போதுதான் பார்த்தோம்.

இந்த வியாபாரத்தின் பாதையையும் மறக்கக்கூடாது. 1973 சனவரி முதல் நாள் பொதுக் காப்பீட்டுத் தொழில் தேசவுடைமை ஆனது. 107 கம்பெனிகள் நான்காக்கப்பட்டன: மும்பையில் நியூ இந்தியா, கல்கத்தாவில் நேஷனல், டில்லியில் ஓரியண்டல், சென்னையில் யுனைடெட் இந்தியா. 1986-இல் மெடிக்ளெய்ம் என்ற பாலிசியைக் கொண்டுவந்தவை இந்தப் பொதுத்துறைக் கம்பெனிகள்தான். 1999-இல் சட்டம் போட்டுத் தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். அந்நிய முதலீடு முதலில் 26 சதவீதம், 2015-இல் 49, 2021-இல் 74. 2025 டிசம்பரில் நூறு சதவீதத்துக்கே நாடாளுமன்றம் வழிவிட்டது. 2023-24 கணக்குப்படி, நூறு ரூபாய் பிரிமியத்துக்குப் பொதுத்துறைக் கம்பெனிகள் நூற்றுக்கும் மேல் நோயாளிக்காகக் கொடுத்தன. நோய்க்காப்பை மட்டுமே தொழிலாகக் கொண்ட தனியார் கம்பெனிகள் கொடுத்தது சுமார் அறுபத்தைந்து ரூபாய். மீதி விளம்பரத்துக்கும் கமிஷனுக்கும் நிர்வாகத்துக்கும் லாபத்துக்கும். பொங்கல் விழா நன்கொடையும் அதில்தான் அடக்கம்.

"கூலி போச்சே, தம்பி"

சென்ற வாரம் லேபர் கேம்ப் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில நின்னா அன்னைக்குக் கூலி போச்சே, அதை யார் குடுப்பா? மருந்து எழுதிக் குடுத்து வெளியில வாங்கிக்கோன்னு சொல்றானே?"

அக்கா கேட்டதில் ஒரு சொல் பொய்யில்லை. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டர் இடம் காலியாகக் கிடப்பதும், மருந்து இல்லாமல் திருப்பி அனுப்புவதும் நமக்குத் தெரியாதா? 2018 டிசம்பர் 17 அன்று அந்தேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தீப்பிடித்து நோயாளிகள் உயிரிழந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. இவற்றை மூடி மறைத்துப் பேசினால் நாமும் ஏஜெண்டுதான். வேறு சரக்கு விற்கிற ஏஜெண்ட்.

ஆனால் அக்கா, வீட்டுக் கூரை ஒழுகினால் கூரையைச் சரி பண்ணுவோமா, வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக் குடைக்குள் குடியேறுவோமா? இந்த நகரத்தில் சயான் ஆஸ்பத்திரி, கே.இ.எம்., நாயர் என்று மாநகராட்சி ஆஸ்பத்திரிகள் இல்லாமலிருந்தால் தாராவியில் எத்தனை பிரசவம், எத்தனை காய்ச்சல், எத்தனை விபத்து கவனிப்பாரற்றுப் போயிருக்கும்? வரிசை நீளமாக இருப்பது அந்த ஆஸ்பத்திரி வேண்டாததால் அல்ல; போதாததால். 2025-க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் மக்கள் நல்வாழ்வுக்கு என்று 2017-இல் கொள்கை எழுதினார்கள். 2021-22-இல் அரசுகள் செலவிட்டது 1.84 சதவீதம்தான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் மடியிலிருந்து நேரே கொடுத்த பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது. குறைந்தது மகிழ்ச்சி. ஆனால் இன்னும் நூற்றுக்கு நாற்பது ரூபாய் நோயாளியின் மடிதான்.

உங்கள் பெயர் எந்த ஊர் அட்டையில்?

பட்டறை சிறிது, பத்துப் பேர் இல்லை. வீட்டு வேலை, இட்லிக் கடை, கட்டட வேலை. இ.எஸ்.ஐ. நமக்குக் கிடையாது என்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்கள் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என் குடும்பத்தின் பெயர் எந்த ஊர் ரேஷன் கார்டில் இருக்கிறது?

தமிழ்நாட்டில் 2009 சூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 சனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமானது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. மகாராஷ்டிரத்தில் 2012 சூலையில் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய திட்டம், 2017 முதல் மகாத்மா ஜோதிபா புலே பெயரில் நடக்கிறது. குடும்பத்துக்கு ஒன்றரை லட்சம் என்றிருந்ததை ஐந்து லட்சமாக உயர்த்தி, எந்த நிற ரேஷன் கார்டானாலும், இருப்பிடச் சான்று உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் விரிப்பது என்று 2023-இல் முடிவெடுத்தார்கள்.

இதில் நம் நிலை என்ன? ஊர்க் கார்டில் பெயர் இருக்கும், ஆள் மும்பையில். அல்லது கல்யாணத்தின்போது ஊர்க் கார்டில் பெயரை நீக்கியிருப்பார்கள். இங்கே சேர்த்திருக்க மாட்டார்கள். இரண்டு வீட்டிலும் இலை இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் என்பது அரிசி கோதுமைக்குத்தான், வைத்தியத்துக்கு அல்ல. மத்தியத் திட்டத்தின் பட்டியலில் உள்ள குடும்பம் நாட்டின் பிற மாநிலங்களிலும், இணைந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பெறலாம். ஆனால் மாநில அரசு மட்டும் சேர்த்துக்கொண்ட குடும்பம் எல்லை தாண்டினால் அந்த அட்டை செல்லும் என்று எண்ணி ஏமாறக்கூடாது. ஆகவே குடும்பம் இங்கே நிலைத்துவிட்டால் இங்கே கார்டு எடுங்கள். மனைவி மக்கள் ஊரில் இருந்தால் அங்கே பெயர் இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். நோய் வந்தபின் தாசில்தார் ஆபீசுக்கு ஓடினால் பயனில்லை.

எழுபது வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் அட்டை உண்டு. ஆதாரில் இருக்கிற வயதே போதும். இங்கே எத்தனை பெரியவர்கள் எடுத்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். நான்கே கைகள். அடுத்த ஞாயிறு சங்க அறையில் நம் இளைஞர்கள் உட்கார்ந்து பதிந்து கொடுப்பார்கள். காசு கிடையாது.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த அட்டைகளெல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, இணைந்த ஆஸ்பத்திரியில். தினசரிச் சர்க்கரை மாத்திரைக்கும் இருமலுக்கும் அவை உதவா. அதற்கு மாநகராட்சி மருந்தகம் வேண்டும், இ.எஸ்.ஐ. மருந்தகம் வேண்டும். காப்பீடு ஒருநாளும் ஆஸ்பத்திரிக்கு மாற்று ஆகாது.

ஆக, வரிசை என்ன?

முதலாவது: இ.எஸ்.ஐ. உரிமை உள்ளவர் எந்த விலைக்கும் அதை விடக்கூடாது. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் ஒன்பது பேர் என்று கணக்குக் காட்டினால் சங்கத்திடம் சொல்லுங்கள். ஒருமுறை திட்டத்துக்குள் வந்த ஆலை, பிறகு ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. சம்பளத்தில் பிடித்து, கட்டாமல் வைத்திருந்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். சம்பளச் சீட்டையும் காப்பீட்டு எண்ணையும் பத்திரமாக வையுங்கள். ஐந்து ஆண்டாவது இ.எஸ்.ஐ. வேலையில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு ரூ. 120 கட்டித் தனக்கும் துணைக்கும் வைத்தியம் பெறலாம். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. முன்பு சொன்ன எண்பதாயிரத்தின் பக்கத்தில் இந்த நூற்றிருபதை வைத்துப் பாருங்கள். ஆனால் ஓய்வுச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. இன்று சேட்டின் தாளில் கையெழுத்துப் போட்டவனுக்கு அறுபதாம் வயதில் எந்தச் சான்று இருக்கும்?

இரண்டாவது: அரசுத் திட்டங்களின் அட்டை. இங்கேயோ ஊரிலேயோ, பெயர் இருக்கும்படி செய்துகொள்வது.

மூன்றாவது: சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்டது, அல்லது இரண்டும் போதாது என்று உண்மையிலேயே தோன்றினால், அப்போது பாலிசி. அதிலும் பொதுத்துறைக் கம்பெனியின் விலையைக் கேட்காமல் தனியாரிடம் போகாதீர்கள். எல்லாக் கம்பெனிகளும் ஒரே நிபந்தனையில் தரவேண்டிய ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பாலிசி 2020 ஏப்ரல் முதல் உண்டு. அதை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். நோய் இல்லாத இளவயதில் தொடங்குங்கள். இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுங்கள். பிரிமியம் கூடினாலும் சரி. அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று கேளுங்கள். நாளுக்கு மூவாயிரம் வரம்புள்ளவர் ஆறாயிரம் ரூபாய் அறையில் படுத்தால், அறை வாடகை மட்டும் அல்ல, டாக்டர் பீஸ், ஆப்பரேஷன் அறைச் செலவு முதலியவையும் பாதிதான் கிடைக்கும்படி பல பாலிசிகளில் எழுதியிருக்கும். எடுத்த பாலிசி பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கம்பெனி மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள். 30 நாளில் நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. மறுத்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

நாம் கேட்பவை

சொந்தத் தேர்வு மட்டும் போதாது. 2017 சனவரியில் இ.எஸ்.ஐ. சம்பள வரம்பை ரூ. 21,000 ஆக்கினார்கள். அதன்பின் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அது அசையவில்லை. விலைவாசிக்காகச் சம்பளம் இரண்டாயிரம் ஏறினால் வைத்தியம் பறிபோகிறது. ஏறிய சம்பளம் பாலிசிக்கே சரியாகிறது. இந்த வரம்பை விலைவாசியோடு ஏற்ற வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகளையும், வீட்டுவேலை செய்யும் தாய்மார்களையும் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். மாநிலத் திட்டத்து அட்டை, தொழிலாளி போகுமிடமெல்லாம் அவன் கூடவே வர வேண்டும். மாநகராட்சி, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் காலியிடங்களை நிரப்ப வேண்டும். இந்த நான்கு கோரிக்கைகளோடு மராத்தி, இந்தி, உருது பேசும் தோழர்களின் சங்கங்களையும் சந்திக்கப் போகிறோம். நோய்க்கு மொழி கிடையாது. அதை எதிர்க்கும் படைக்கும் இருக்கக்கூடாது.

பட்டறைத் தோழர்களே! வியாழக்கிழமை பதில் சொல்லப் போகிறவர்கள் நீங்கள். சங்கம் உங்கள் கையைப் பிடித்து எழுதாது, பிடித்துத் தடுக்கவும் செய்யாது. கையெழுத்துப் போடாதீர்கள் என்பது எங்கள் கருத்து. போடாததால் வேலைக்கு மிரட்டல் வந்தால், பதினான்கு பேரும் ஒன்றாக நில்லுங்கள். பதினைந்தாவது ஆளாகச் சங்கம் நிற்கும். இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு மனு எழுத ஆள் தயாராக இருக்கிறது.

முன்பு ஒரு மேசை போட்டுக் கொடுத்துத் தவறு செய்தோம். இன்று அதே இடத்தில் வேறொரு மேசை போட்டிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் உங்கள் ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு, பாலிசித் தாள் எது இருந்தாலும் அங்கே கொண்டுவந்து காட்டுங்கள். அந்த மேசையில் விற்க எதுவும் இல்லை.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை.